சொந்த முகவரி, வாடகைப் பெட்டி: திருமலையில் சிறுதொழில் நடத்துபவர் மின்னஞ்சல் அமைக்கும் வழி

திருகோணமலை உப்புவெளியில் எட்டு அறை விடுதி நடத்தும் ஒரு அண்ணனின் விசிட்டிங் கார்டில் மூன்று மின்னஞ்சல் முகவரிகள் இருந்தன. ஒன்று, விடுதியின் பெயரோடு அவர் பிறந்த வருடத்தையும் ஒட்டித் திறந்த ஜிமெயில். அடுத்தது மருமகன் திறந்து கொடுத்த யாஹூ. மருமகன் இப்போது கட்டாரில், பாஸ்வேர்டும் அவரோடு கட்டாரில். மூன்றாவது விடுதியின் சொந்தப் பெயரில், பார்க்க நல்ல எடுப்பாக இருந்தது. ஆனால் அந்த டொமைன், அதாவது முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர், காலாவதியாகி இரண்டு சீசன் ஓடிவிட்டது. "மூன்று இருந்தும் ஒருத்தரும் எழுதுறாங்க இல்லையே, தம்பி" என்றார். எழுதியிருப்பார்கள். போய்ச் சேர்ந்திருக்காது.

அவருக்குச் செய்து கொடுத்ததையும், நகரத்திலும் கிண்ணியாவிலும் இன்னும் சில கடைகளுக்குச் செய்து கொடுத்ததையும் வைத்து இதை எழுதுகிறேன். கணினி படித்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. கடை வைத்திருப்பவர், படகு ஓட்டுபவர், அறை வாடகைக்கு விடுபவர், துறைமுகப் பக்கம் ஒப்பந்த வேலை எடுப்பவர் ஆகியோருக்குத்தான் இது. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முகவரி உங்கள் சொந்தமாக இருக்க வேண்டும், அஞ்சல் வந்து விழும் பெட்டி வாடகைக்கு இருந்தால் போதும். பெட்டி பிடிக்காவிட்டால் மாற்றலாம். முகவரி கைமாறிப் போனால் பத்து வருடத்து வாடிக்கையாளர்களும் அதோடு போய்விடுவார்கள்.

முதலில் ஒரு கொப்பி

இணையத்தில் விலை தேடும் முன் ஒரு கொப்பியில் எழுதுங்கள்: உங்களுக்கு யார் எழுதுகிறார்கள், யார் பதில் போடுகிறார்கள்? இந்த வேலைக்கு அரை மணித்தியாலம் போதும். ஆனால் பணம் மிச்சமாவது இங்கேதான்.

காரணம் இதுதான்: மின்னஞ்சல் சேவைகள் பெட்டிக்கு இத்தனை டொலர் என்று மாதக் கணக்கில் அறவிடுகின்றன. முகவரிக்கு அல்ல, பெட்டிக்கு. "இன்ஃபோ", "புக்கிங்", "அக்கவுண்ட்ஸ்" என்று ஐந்து முகவரிகள் வேண்டுமானாலும் அவை அனைத்தையும் ஒரே பெட்டிக்குள் விழ வைக்கலாம். அமைப்புப் பக்கத்தில் இதை எலியாஸ் என்பார்கள். கூகுளின் கட்டணச் சேவையில் ஒரு பெட்டிக்கு 30 வரை இலவசமாக வைத்துக்கொள்ளலாம். உப்புவெளி அண்ணனிடம் ஒருவர் ஐந்து பெட்டிக்கு விலை கொடுத்திருந்தார். கொப்பியில் எழுதிப் பார்த்தபோது பதில் போடுபவர்கள் இரண்டே பேர்: அவரும், கணக்குப் பார்க்கும் அண்ணியும். சமையல்காரருக்கு மின்னஞ்சல் எதற்கு?

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. மூன்று பேர் ஒரே பாஸ்வேர்டில் ஒரே பெட்டியைத் திறப்பது. ஒருவர் திறந்து பார்த்ததும் கடிதம் "படித்தது" ஆகிவிடும். மற்றவர் பதில் போயிற்று என்று நினைப்பார். கடைசியில் யாருமே போட்டிருக்க மாட்டார்கள். பதில் எழுதும் ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி. அதற்கு மேல் வேண்டாம்.

டொமைன்: இங்கே அவசரப்படாதீர்கள்

சொந்தப் பெயரில் முகவரி வேண்டுமென்றால் டொமைன் வேண்டும். டொட் கொம் என்றால் வருடத்துக்கு ஏறத்தாழ 10 முதல் 15 டொலர். முதல் வருடம் ஒரு டொலர் என்று விளம்பரம் செய்பவர்களிடம் இரண்டாம் வருடத்து விலையைக் கேளுங்கள். டொட் எல்கே இலங்கைக்கு உரியது. அதை நிர்வகிப்பது எல்கே டொமைன் பதிவகம், 1990இலிருந்து இயங்குகிறது. உள்ளூர் வாடிக்கையாளர்களே அதிகம் என்றால், அரச திணைக்களங்களுக்கு விலைமனு போடுபவர் என்றால், டொட் எல்கேக்கு ஒரு கனம் இருக்கிறது. வெளிநாட்டுப் பயணிகள்தான் வருமானம் என்றால் டொட் கொம் அவர்கள் வாயில் இலகுவாக வரும்.

பெயர் தெரிவு செய்யும்போது நமக்கென்றே ஒரு பிரச்சினை உண்டு, ஊரின் பெயர். ஆங்கிலத்தில் பதினொரு எழுத்து, கடைசியில் 'ஈ' இரண்டு முறை. இதை டொமைனில் போட்டால் பாதிப்பேர் பிழையாகத்தான் அடிப்பார்கள். "திருகோணமலை" என்ற உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் போட்டால் இன்னும் மோசம். ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். நான் செய்யும் பரீட்சை இது: நினைத்த பெயரைத் தொலைபேசியில் கொழும்பில் இருக்கும் ஒருவருக்கு ஒரே ஒரு முறை சொல்லி எழுதச் சொல்லுங்கள். "திரும்பச் சொல்லுங்க" என்று கேட்டால் வேறு பெயர் பாருங்கள். கோடு, இலக்கம் எதுவும் வேண்டாம். டொட் இலங்கை என்று தமிழிலேயே முடியும் டொமைனும் 2010இலிருந்து உண்டு. எனக்கு ஆசைதான். ஆனால் மின்னஞ்சலில் தமிழ் எழுத்து முகவரியை ஏற்காத படிவங்களும் சேவைகளும் இன்னும் நிறைய. கடிதத்தை அதில் நம்பி விடாதீர்கள்.

இனி, இந்தக் கட்டுரையில் ஒரு பந்தியை மட்டும்தான் படிப்பேன் என்பவர் இதைப் படிக்கட்டும். டொமைனை யார் பெயரில் பதிகிறார்கள்? வெப்சைட் செய்து தரும் தம்பி "நானே எல்லாம் எடுத்துத் தாறன் அண்ணா" என்று தன் கணக்கில், தன் மின்னஞ்சலில், தன் கார்டில் எடுப்பார். கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்காது. ஆனால் மூன்று வருடம் கழித்து அவர் கனடா போவார், கார்டு முடியும், புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் அவர் பார்க்காத பெட்டிக்குப் போகும். உப்புவெளியில் நடந்தது அச்சொட்டாக இதுதான். பணம் கொடுத்தவர் அண்ணன். பதிவில் இருந்தது அவர் பெயர் அல்ல. ஆகவே பதிவுக் கணக்கை நீங்களே திறந்து, உங்கள் பெயர், வியாபாரப் பதிவிலுள்ள பெயர், உங்கள் கைத்தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் கொடுங்கள். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து உதவட்டும்.

இன்னுமொன்று. அந்தப் பதிவுக் கணக்குக்குக் கொடுக்கும் மின்னஞ்சல், அதே டொமைனில் உள்ளதாக இருக்கக் கூடாது. டொமைன் நின்றுபோனால் அதில் உள்ள பெட்டியும் நின்றுபோகும். பாஸ்வேர்டை மாற்றும் கடிதம் அந்தச் செத்த பெட்டிக்குத்தான் போகும். வீட்டுக்குள் சாவியை வைத்துக் கதவைப் பூட்டியது போல. இதற்கு மட்டும் உங்கள் பழைய தனிப்பட்ட ஜிமெயிலைக் கொடுங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டுவிட்டு, சுவர்க் கலண்டரிலும் திகதியைக் குறித்துவிடுங்கள்.

பெட்டியை எங்கே வாடகைக்கு எடுப்பது

நான்கு வழிகள் இருக்கின்றன. மலிவானதிலிருந்து தொடங்குகிறேன்.

வெப்சைட் ஹோஸ்டிங், அதாவது வெப்சைட்டை வைக்கும் இடம், வாங்கும்போது "மின்னஞ்சல் இலவசம்" என்று சேர்த்துத் தருவார்கள். வேலை செய்யும், சில நாள். அவர்களுடைய சேர்வரில், அதாவது வெப்சைட்டுகளை வைத்திருக்கும் கணினியில், உங்களோடு நூற்றுக்கணக்கான வெப்சைட்டுகள் குடியிருக்கும். எல்லாருக்கும் ஒரே சேர்வர் விலாசம் (ஐபி). அதில் ஒருவர் குப்பை அஞ்சல் அனுப்பினால் ஸ்பாம்ஹவுஸ் போன்ற கறுப்புப் பட்டியல்களில் அந்த விலாசமே ஏறிவிடும், உங்கள் கொட்டேஷனும் சேர்ந்து திரும்பி வரும். அயல்வீட்டுக்காரர் கடன் கட்டாததற்கு உங்கள் வீட்டு மின்சாரத்தை வெட்டியது மாதிரி. தொழிலுக்கு இதை நான் சிபாரிசு செய்வதில்லை.

இரண்டாவது சோஹோ. தமிழ்நாட்டிலிருந்து வளர்ந்த நிறுவனம். சென்னையில் தலைமையகம், தென்காசிப் பக்கம் கிராமத்தில் அலுவலகம். சின்னத் திட்டம் பெட்டிக்கு மாதம் ஏறத்தாழ ஒரு டொலர், வருடக் கட்டணமாகச் செலுத்தினால். இடம் 5 ஜிபி. அவர்களுடைய ஆப்பிலும் பிரவுசரிலும் மட்டும் பார்க்க முடிகிற இலவசத் திட்டமும் உண்டு. அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்ற அஞ்சல் மென்பொருள்களில் இணைக்க அது விடாது.

மூன்றாவது கூகுள் வேர்க்ஸ்பேஸ். மாதம் ஏறத்தாழ 7 டொலர், 30 ஜிபி. உள்ளே இருப்பது நீங்கள் பழகிய அதே ஜிமெயில்தான், முகவரி மட்டும் உங்களுடையது. நான்காவது மைக்ரோசொஃப்ட் 365. அதன் அடிப்படைத் திட்டமும் கிட்டத்தட்ட அந்த விலைதான். அதில் வேர்ட், எக்செல் பிரவுசரிலும் போனிலும் மட்டும் வரும், கணினியில் நிறுவ முடியாது. இதைக் கேட்காமல் வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு.

டொலரை 300 ரூபா என்று வைத்துக் கணக்குப் போடுவோம். கூகுளில் ஐந்து பெட்டி, வருடத்துக்கு 1,26,000 ரூபா. இரண்டு பெட்டி என்றால் 50,400. அதே இரண்டு பெட்டி சோஹோவில் 7,200. கொப்பி எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும். இந்தக் கணக்கு ரூபாவில் நிலையாக நிற்காது என்பதையும் மனதில் வையுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. மாதம் மாதம் டொலரில் கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த வருடம் நினைவிருக்கும். வருடக் கட்டணமாகச் செலுத்தினால் அந்த அதிர்ச்சி ஒரு வருடமாவது தள்ளிப்போகும். பெரும்பாலும் விலையும் குறையும்.

என் அபிப்பிராயம் கேட்டால்: நாளுக்குப் பத்து இருபது கடிதம் வரும் விடுதி, படகுச் சவாரி, மீன் வியாபாரம் என்றால் சோஹோவின் ஒரு டொலர்த் திட்டம் தாராளம். படிவங்கள், பகிரும் எக்செல் தாள்கள், வீடியோக் கூட்டம் எல்லாம் நாளாந்தம் வேண்டும் என்றால், வேலை செய்பவர்கள் ஜிமெயிலைத் தவிர வேறெதையும் தொடமாட்டார்கள் என்றால், கூகுள். சீனக்குடா, துறைமுகப் பக்கத்துப் பெரிய நிறுவனங்களுக்கு வேலை செய்து அவர்கள் அனுப்பும் வேர்ட், எக்செல் கோப்புகளைத் திருத்தித் திருப்பி அனுப்புபவர் என்றால் மைக்ரோசொஃப்ட், அதுவும் கணினியில் நிறுவ முடிகிற மேல் திட்டம். கிண்ணியாவில் மீன் அனுப்பும் நானா ஒருவர் முதலில் விலை கூடியதையே கேட்டார், "பெரிய ஆக்கள் வெச்சிருக்கிறத நாமளும் வெப்பம்" என்று. இப்போது ஒரு டொலர்ப் பெட்டியில் இருக்கிறார். குறை சொன்னதில்லை.

எதை எடுத்தாலும் வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு உங்கள் கார்டு திறந்திருக்கிறதா என்று வங்கியில் முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.

இணைப்பு: நான்கு வரிகள்

டொமைனும் பெட்டியும் வாங்கியாயிற்று. இரண்டையும் கட்டிவைப்பது, டொமைனை நிர்வகிக்கும் இடத்தில் டிஎன்எஸ் என்னும் பக்கத்தில் எழுதும் நான்கு பதிவுகள். சேவை கொடுப்பவர் எழுத வேண்டியதை அப்படியே தருவார்; நீங்கள் பிரதி செய்து ஒட்ட வேண்டியதுதான். என்ன ஒட்டுகிறோம் என்று தெரிந்து ஒட்டினால் நல்லது.

எம்எக்ஸ் என்பது தபால்காரருக்கு வாசலைக் காட்டுவது: இந்தப் பெயருக்கு வரும் கடிதம் இன்னாரிடம் போகட்டும். எஸ்பிஎஃப் என்பது உங்கள் பெயரில் கடிதம் கொண்டுபோக அனுமதி பெற்றவர்களின் பட்டியல். டிகிம் ஒவ்வொரு கடிதத்திலும் விழும் முத்திரை. வழியில் யாரும் மாற்றவில்லை என்பதற்குச் சாட்சி. டிமார்க் என்பது கடைசிக் கட்டளை: பட்டியலிலும் இல்லை, முத்திரையும் பொருந்தவில்லை என்றால் அந்தக் கடிதத்தை என்ன செய்வது என்று பெறுபவருக்குச் சொல்வது. ஆரம்பத்தில் "ஒன்றும் செய்யாதே, அறிக்கை மட்டும் அனுப்பு" என்று வையுங்கள். சில வாரம் பார்த்து, உங்கள் கடிதங்கள் எல்லாம் சரியாகப் போகின்றன என்றால் "குப்பைக்கு அனுப்பு" என்று இறுக்குங்கள்.

முன்பு எம்எக்ஸ் மட்டும் போட்டு விட்டுவிடுவார்கள். 2024 பெப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் விதியை இறுக்கிவிட்டன. அனுப்புபவர் எவராயிருந்தாலும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் இருக்க வேண்டும், நாளுக்கு 5,000 கடிதத்துக்கு மேல் அனுப்புபவருக்கு டிமார்க்கோடு சேர்த்து மூன்றும் வேண்டும். நீங்கள் 5,000 அனுப்பப் போவதில்லை. இருந்தாலும் மூன்றையும் போடுங்கள். அரை மணி வேலை.

நான் வாங்கிய அடி ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கடைக்கு ஏற்கெனவே ஹோஸ்டிங்காரர் போட்ட எஸ்பிஎஃப் வரி இருந்தது. அதைக் கவனிக்காமல் அதற்குக் கீழே புதிதாக இன்னொன்றை ஒட்டினேன். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் வரிதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது. இரண்டு கிழமையாக அந்தக் கடையின் இன்வொய்ஸ்கள் வாடிக்கையாளர்களின் ஸ்பாமில் கிடந்தன, நானோ இணைய வேகத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டையும் ஒரே வரியாகச் சேர்த்தவுடன் சரியாயிற்று.

ஒட்டி முடித்ததும் ஒரு ஜிமெயிலுக்குக் கடிதம் அனுப்பி, கணினியில் அதைத் திறந்து, மூன்று புள்ளியை அழுத்தி மூல வடிவத்தைக் காட்டச் சொல்லுங்கள். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றுக்கும் நேரே "பாஸ்" என்று வர வேண்டும். மாற்றம் எல்லா இடத்துக்கும் பரவ 48 மணித்தியாலம் வரை எடுக்கலாம், ஆகவே வெள்ளிக்கிழமை பின்னேரம் செய்வது நல்லது. பழைய ஜிமெயிலை உடனே மூடாதீர்கள். அதற்கு வருபவை புதுப் பெட்டிக்கு வரும்படி ஒரு வருடமாவது திருப்பிவிட்டு வையுங்கள்.

"இங்க கரண்ட் போனா மெயில் வராதா?" என்று கேட்பார்கள். வரும். பெட்டி உங்கள் கடையில் இல்லையே. அந்தச் சேவையே சிறிது நேரம் படுத்துக்கொண்டாலும் அனுப்பியவரின் சேர்வர் வழமையாக நான்கைந்து நாள் திரும்பத் திரும்ப முயலும். டொமைன் செத்தால்தான் கதை வேறு.

வாட்ஸ்அப், தொலைபேசி, எஸ்எம்எஸ்

நம்மூரில் பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில்தான். அதை மாற்ற முயலாதீர்கள். விலை கேட்பதும் படம் அனுப்புவதும் அங்கே நடக்கட்டும்; கொட்டேஷன், இன்வொய்ஸ், உறுதிப்படுத்தல் மட்டும் மின்னஞ்சலில் போகட்டும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணு கொடுக்கல் வாங்கல் சட்டம் மின்வடிவ ஆவணங்களுக்கும் சட்டப்படி இடம் கொடுத்திருக்கிறது. பிறகு ஒரு தகராறு வந்தால் தேடி எடுக்க மின்னஞ்சல்தான் இலகு.

வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் இலவசம். தனி இலக்கத்தில் போடுங்கள், சிம் உங்கள் பெயரில் இருக்கட்டும். வரவேற்பில் நிற்கும் பையனின் சிம்மில் போட்டால் அவன் வேலையை விடும் நாளில் உங்கள் வாடிக்கையாளர்களும் அவனோடு போவார்கள். கடையின் நிலையான தொலைபேசி இலக்கத்திலேயே பதியவும் முடியும். சரிபார்ப்பு இலக்கத்தை அழைப்பில் வாசித்துச் சொல்வார்கள். ஒரு கணக்கை நான்கு கருவிகளில் இணைக்கலாம். மொத்தமாக அனுப்பும் பட்டியலில் 256 பேர் வரை. அதுவும் உங்கள் இலக்கத்தைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்குத்தான் போய்ச் சேரும்.

எஸ்எம்எஸ் விளம்பரம் செய்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ் 160 எழுத்து, தமிழில் 70தான். அந்த 70இலும் கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். "கோணேசர்" நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, எஸ்எம்எஸ்ஸுக்கு ஏழு. தமிழில் நான்கு வரி எழுதினால் மூன்று எஸ்எம்எஸ் காசு போகலாம். அதற்காக ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி அனுப்பாதீர்கள். சுருக்கமாகத் தமிழிலேயே எழுதுங்கள்.

பெரிய அலுவலகங்கள் வைக்கும் இணையவழித் தொலைபேசி இணைப்பகம் நாலு மேசைக்கு மேல் இருந்தால் யோசிக்கலாம். பழைய செப்புக் கம்பித் தொலைபேசி கரண்ட் போனாலும் பேசும். ஃபைபர் ரவுட்டர் பேசாது. அதற்கொரு சின்ன யுபிஎஸ் வாங்கி வையுங்கள்.

விடுதிக்காரருக்கு மட்டும் ஒரு குறிப்பு: புக்கிங் டொட் கொம் மூலம் வரும் விருந்தினரின் மின்னஞ்சலாக நீங்கள் காண்பது அவருடைய உண்மையான முகவரி அல்ல, இடையில் நிற்கும் ஒன்று. அவர் வந்து இறங்கும்போது, விருப்பப்பட்டால், உண்மையான முகவரியை எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை நேரே உங்களிடமே எழுதுவார்.

பூட்டு

எல்லாப் பெட்டிக்கும் இரண்டு படிச் சரிபார்ப்பைப் போடுங்கள், அதாவது பாஸ்வேர்டுக்குப் பிறகு ஒரு குறியீட்டையும் கேட்பது. குறியீட்டை எஸ்எம்எஸ்ஸில் பெறுவதைவிட அதற்கான ஆப்பில் பெறுவது நல்லது. மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு வியாபாரப் பதிவுப் பத்திரத்தோடு வையுங்கள். ஒருவர் வேலையை விட்டால் அன்றே அவர் பெட்டியின் பாஸ்வேர்டை மாற்றி, அவருக்கு வருபவை உங்களுக்கு வரும்படி செய்யுங்கள்.

அனுப்புநர் பெயர் பழகியதாகவே இருக்கும், "எங்கள் வங்கிக் கணக்கு இலக்கம் மாறிவிட்டது, இனி இதற்குப் போடுங்கள்" என்று எழுதியிருக்கும். உலகமெங்கும் வியாபாரிகள் இப்படிப்பட்ட கடிதத்தை நம்பிப் பணம் இழக்கிறார்கள். பதில் எழுதாதீர்கள். கடிதத்தில் உள்ள இலக்கத்துக்கும் எடுக்காதீர்கள். உங்கள் கொப்பியில் ஏற்கெனவே இருக்கும் இலக்கத்துக்கு எடுத்துக் குரலைக் கேளுங்கள்.

விருந்தினரின் பாஸ்போர்ட் படங்கள் பெட்டியிலும் போனிலும் வருடக்கணக்கில் கிடக்கின்றன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இப்போது இருக்கிறது. தேவை முடிந்ததும் அழித்துவிடுவது உங்களுக்கும் நல்லது.

எப்போது செய்வது

கரையோரத் தொழில் என்றால் மே முதல் செப்டெம்பர் வரை இதைத் தொடவே வேண்டாம். மழை பிடித்து, புறாத்தீவுக்குப் படகு போகாமல் கரையில் ஏற்றி வைத்திருக்கும் நவம்பர், டிசம்பர் மாதங்கள்தான் சரியான நேரம். ஜனவரியில் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தால், அடுத்த சீசனுக்கு விலை கேட்டுக் கொழும்பிலிருந்து வரும் கடிதங்கள் புதுப் பெட்டியில் வந்து விழும்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு வேலை பாக்கி. பெட்டியிலுள்ள கடிதங்கள் முழுவதையும் ஒரு முறை பதிவிறக்கி, வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் போட்டுப் பாருங்கள். எந்த மெனுவில் இருக்கிறது, எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று இப்போதே தெரிந்துகொண்டால், விலை ஏறும் நாளில் அதே முகவரியோடு வேறு பெட்டிக்கு மாறலாம். உப்புவெளி அண்ணனுக்கு அது நாற்பது நிமிடம் எடுத்தது. புது விசிட்டிங் கார்டில் இப்போது ஒரே ஒரு முகவரிதான்.